‘வேணும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

எளிய ஆங்கிலம் – மாதாந்தப் பாடம்



கடந்த இதழில் ‘கான்’, ‘குட்’ என்ற இரண்டு சொற்களையும் பார்த்தோம். முடியும், முடிந்தது என்று சொல்வதற்கு அவை உதவும். இம்மாதம் கட்டாயத்தைச் சொல்லும் சொற்களை எடுத்துக்கொள்வோம். இதை நான் தெரிவு செய்யக் காரணம் உங்களுடைய கடிதங்கள்தான். “படிவத்தில் ‘மஸ்ற்’ என்று இருக்கிறது, விளம்பரத்தில் ‘ஷுட்’ என்று இருக்கிறது, ஒப்பந்தத்தில் ‘ஷல்’ என்று இருக்கிறது. அகராதியில் பார்த்தால் மூன்றுக்கும் ‘வேண்டும்’ என்றுதான் போட்டிருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வேறு சிலரும் இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றும் ஒன்றல்ல. ஒன்று கட்டளை, ஒன்று ஆலோசனை, ஒன்று சட்டம். எது எது என்று தெரியாமல் கையெழுத்து வைப்பதால் வரும் சிரமம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகையால் இந்தப் பாடத்தைச் சற்று ஆறுதலாகப் படியுங்கள்.

ஆங்கில எழுத்து இன்னும் கைவராத சகோதரிகளும் எம்முடன் சேர்ந்து படிப்பதால், வழமைபோல ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துத் தெரிந்தவர்கள் அகராதியைப் பார்த்துக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு எழுதினாலும் நல்லதே.

முதலில் எங்கள் ‘வேண்டும்’

தமிழில் ‘வேண்டும்’ என்ற சொல் பல வேலைகளைச் செய்கிறது. “எனக்குத் தண்ணீர் வேணும்” என்றால் அது விருப்பம் அல்லது தேவை. “நான் நாளைக்குக் கச்சேரிக்குப் போக வேணும்” என்றால் கடமை. “நீ கொஞ்சம் ஓய்வெடுக்க வேணும்” என்றால் அக்கறையுடன் சொல்லும் புத்தி. “பஸ் இப்ப பரந்தன் தாண்டியிருக்க வேணும்” என்றால் அது வெறும் ஊகம். எந்த வேணும் என்று குரலையும் இடத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இவற்றிற் பலவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. விருப்பத்துக்கு ‘வோன்ற்’. மற்றவற்றுக்கு ‘மஸ்ற்’, ‘ஹவ் ரு’, ‘ஷுட்’, ‘ஓற் ரு’, ‘நீட் ரு’, ‘ஷல்’ என்று ஒரு வரிசை. அந்த வரிசையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மஸ்ற்

இதுதான் மிகவும் இறுக்கமானது. தமிழில் “செய்தே ஆக வேண்டும்” என்பதற்குச் சமம்.

யூ மஸ்ற் சைன் ஹியர். – நீங்கள் இங்கே கட்டாயம் கையொப்பமிட வேண்டும்.
ஷீ மஸ்ற் பிரிங் ஹெர் ஐடென்ரிற்றி கார்ட். – அவர் தனது அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும்.

இரண்டு விதிகளை மனதில் வையுங்கள். முதலாவது, ‘மஸ்ற்’ என்பதற்குப் பின் ‘ரு’ வராது. “மஸ்ற் ரு கோ” என்பது பிழை; “மஸ்ற் கோ” என்பதே சரி. இரண்டாவது, அவன், அவள் என்று வரும்போதும் சொல் மாறாது. “ஷீ மஸ்ற் கோஸ்” என்பது பிழை. “ஷீ மஸ்ற் கோ” என்பதே சரி.

ஹவ் ரு

இதுவும் கட்டாயம்தான். ஆனால் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. பேசுகிறவர் தானே உணர்ந்து சொல்லும்போது பெரும்பாலும் ‘மஸ்ற்’ வரும். வெளியிலிருந்து, அதாவது சட்டம், அலுவலகம், முதலாளி, நிலைமை ஆகியவற்றால் வரும் கட்டாயத்துக்கு ‘ஹவ் ரு’ வரும்.

ஐ மஸ்ற் ரைற் ரு மை சிஸ்ரர். – தங்கைக்குக் கடிதம் எழுத வேண்டும். (என் மனம் சொல்கிறது)
ஐ ஹவ் ரு பே எவ்ரி வீக். – ஒவ்வொரு கிழமையும் நான் கட்ட வேண்டியிருக்கிறது. (கடன்காரர் வைத்த விதி)

தமிழிலும் “கட்ட வேண்டும்”, “கட்ட வேண்டியிருக்கிறது” என்று இரண்டு விதமாகச் சொல்கிறோம் அல்லவா? அந்த ‘வேண்டியிருக்கிறது’ என்பதுதான் ‘ஹவ் ரு’. பேச்சில் இதை ‘ஹஃப் ரு’ என்பதுபோல விரைவாகச் சொல்வார்கள். அவன், அவள் என்றால் ‘ஹஸ் ரு’ ஆகும். ஷீ ஹஸ் ரு பே.

கேள்வி கேட்பதற்கும் இதுவே மிகவும் பயன்படும். பின்வரும் நான்கு கேள்விகளையும் பாடமாக்குங்கள்.

டூ ஐ ஹவ் ரு சைன் திஸ் ருடே? – இதில் நான் இன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டுமா?
டூ ஐ ஹவ் ரு பே ஃபோர் திஸ்? – இதற்கு நான் காசு கட்ட வேண்டுமா?
வென் டூ ஐ ஹவ் ரு கம்? – நான் எப்போது வர வேண்டும்?
ஹூ ஹஸ் ரு பே? – யார் கட்ட வேண்டும்?

முதலாவது கேள்விக்கு ‘நோ’ என்று பதில் வந்தால், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வைக்கலாம். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

ஷுட், ஓற் ரு

‘ஷுட்’ என்பது ஆலோசனை. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றமில்லை.

யூ ஷுட் சீ எ டொக்ரர். – நீங்கள் வைத்தியரைப் பார்ப்பது நல்லது.
யூ ஷுட் கீப் எ கொப்பி. – ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் எமது நாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்க விளம்பரங்களிலும் வேலைக்கான விண்ணப்பங்களிலும் ‘ஷுட்’ என்பதைக் கட்டாயம் என்ற பொருளிலேயே போடுவது வழக்கம். “அப்ளிக்கேஷன்ஸ் ஷுட் பீ சென்ற் பை ரெஜிஸ்ரேட் போஸ்ற்” என்று இருந்தால், பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது என்று நினைத்துச் சாதாரண தபாலில் போட்டுவிடாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும். ஆகவே ஆள் வாயால் சொல்லும் ‘ஷுட்’ பெரும்பாலும் ஆலோசனை. அறிவித்தலில் அச்சடித்த ‘ஷுட்’ பெரும்பாலும் விதி.

மருந்துத் தாள்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். “ஷுட் பீ ரேக்கன் ஆஃப்ரர் மீல்ஸ்” என்றால் சாப்பாட்டின் பின் எடுக்க வேண்டும். “மஸ்ற் நொற் பீ ஃப்ரோஸன்” என்றால் உறைய விடவே கூடாது. சலரோகத்துக்கு இன்சுலின் ஊசி போடும் வீடுகளில் இரண்டாவதை மறக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பின்னர் இளகினாலும் பயன்படாது. குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் கட்டும் தட்டுக்கு அருகில் அதை வைக்காதீர்கள்.

‘ஓற் ரு’ என்பதும் ‘ஷுட்’ போலத்தான். ஆனால் அதில் கடமை, நியாயம் என்ற வாசனை சற்றுக் கூட இருக்கும். எழுதும்போது இடையில் இரண்டு எழுத்துகள் இருக்கும், அவை ஒலிக்காது. இந்தச் சொல் ‘ஓ’ என்ற பழைய வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் கடன்பட்டிருத்தல். தமிழிலும் பாருங்கள், ‘கடன்’ என்றால் வாங்கிய காசும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். இறுதிக் கடன் என்கிறோம், பிள்ளைக்குச் செய்யும் கடன் என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நீட் ரு

இது தேவை. வோன்ற் என்றால் விருப்பம். நீட் என்றால் இல்லாமல் முடியாது.

ஐ நீட் ரு மீற் த கிராம நிலதாரி. – கிராம அலுவலரை நான் சந்திக்க வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் “ஐ வோன்ற்” என்று தொடங்கினால் சற்றுக் கடுமையாக ஒலிக்கும். “ஐ நீட்” என்று சொல்லுங்கள். உங்கள் தேவையைச் சொல்வதில் வெட்கமும் இல்லை, பணிவுக் குறைவும் இல்லை.

எதிர்மறையில்தான் கவனம் வேண்டும்

இதுவரை சொன்னதில் ஒன்றிரண்டு மாறிப்போனாலும் பெரிய கேடில்லை. இனிச் சொல்லப்போவது மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘மஸ்ற்’, ‘ஹவ் ரு’ இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று பார்த்தோம். ஆனால் ‘இல்லை’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் வெவ்வேறு திசைக்குப் போய்விடும்.

யூ மஸ்ற் நொற் கோ. – நீங்கள் போகக் கூடாது. (தடை)
யூ டோன்ற் ஹவ் ரு கோ. – நீங்கள் போகத் தேவையில்லை. (விருப்பமானால் போகலாம்)

எங்களுக்குக் குழப்பம் ஏன் வருகிறது? தமிழில் “போக வேண்டாம்” என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. “கிணத்தடிக்குப் போக வேண்டாம்” என்று பிள்ளையிடம் சொன்னால் அது தடை. “மழை பெய்யுது, இண்டைக்கு வேலைக்குப் போக வேண்டாம்” என்றால் அது சலுகை. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘மஸ்ற் நொற்’, இரண்டாவதற்கு ‘டோன்ற் ஹவ் ரு’ அல்லது ‘நீடன்ற்’. ‘கூடாது’ என்று தமிழில் மாற்றிப் பார்த்துப் பொருந்தினால் ‘மஸ்ற் நொற்’. ‘தேவையில்லை’ என்று மாற்றிப் பார்த்துப் பொருந்தினால் ‘டோன்ற் ஹவ் ரு’. இந்த ஒரு சோதனை போதும்.

‘மஸ்ற் நொற்’ என்பதைச் சுருக்கிச் சொல்லும்போது ‘மஸன்ற்’ என்று ஒலிக்கும். நடுவிலுள்ள ‘ற்’ ஒலி விழுந்துவிடும். காதில் விழும்போது இதையும் கவனியுங்கள்.

கண்ணிவெடி அகற்றாத காணியில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகை நின்றால் அது ‘மஸ்ற் நொற்’. அங்கே ‘தேவையில்லை’ என்று பொருள் கொள்ள இடமே இல்லை. விறகு எடுக்கவும் கூடாது, மாடு அவிழ்க்கவும் கூடாது.

மறுபக்கத்தில், தேவையில்லாத இடத்தில் நாம் கட்டாயம் என்று நினைத்துப் பயப்படுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத்திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று அறிய ஒரு பிரஜை விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. யூ டோன்ற் ஹவ் ரு கிவ் எ ரீசன். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. த ஒஃபிஸர் மஸ்ற் ரைற் இற். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். இங்கே ‘மஸ்ற்’ அவருக்கு, ‘டோன்ற் ஹவ் ரு’ உங்களுக்கு. யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்தால் பயம் குறைந்துவிடும்.

ஒப்பந்தத்தில் வரும் ‘ஷல்’லும் ‘மே’யும்

பேச்சில் ‘ஷல்’ அதிகம் வருவதில்லை. சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அது ஆட்சி செய்கிறது. அங்கே அதன் பொருள் ‘மஸ்ற்’தான். எமது அரசியலமைப்பின் ஆங்கிலப் பிரதியில் தமிழும் அரசகரும மொழியாகும் என்று சொல்லும் இடத்திலும் இந்த ‘ஷல்’ தான் நிற்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது அது.

‘மே’ என்றால் ‘செய்யலாம்’. கட்டாயம் இல்லை, அனுமதி. ஆனால் அனுமதி யாருக்கு என்று பார்க்க வேண்டும். நுண்கடன் ஒப்பந்தங்களில் இப்படி வரக்கூடிய மூன்று வசனங்களை மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன்.

த பொரோவர் ஷல் பே ஒன் எவ்ரி மண்டே. – கடன் வாங்கியவர் ஒவ்வொரு திங்களும் கட்ட வேண்டும்.
த லெண்டர் மே சேஞ்ச் த ரேற் ஒஃப் இன்ரரஸ்ற். – கடன் கொடுத்தவர் வட்டி வீதத்தை மாற்றலாம்.
த கரன்ரர் மஸ்ற் பே இஃப் த பொரோவர் டஸ் நொற் பே. – கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பிணை நின்றவர் கட்ட வேண்டும்.

இரண்டாவது வசனத்தில் ‘மே’ என்று மென்மையான சொல்தான் இருக்கிறது. ஆனால் அந்த மென்மை எங்களுக்கு இல்லை. வட்டியை மாற்றும் அதிகாரத்தை அவருக்கு அது கொடுக்கிறது. மூன்றாவது வசனம், குழுவில் இன்னொருவருக்காகப் பிணை நிற்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் உரியது. “பேருக்குத்தானே அக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்கோ” என்று கேட்கும்போது இந்த ‘மஸ்ற்’ ஞாபகத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒப்பந்தத்தையும் இதே கண்ணால் வாசியுங்கள். “த எம்ப்ளோயர் ஷல் புரொவைட் ஃபூட் அண்ட் அக்கொமொடேஷன்” என்றால் சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி தர வேண்டும். அந்த இடத்தில் ‘மே புரொவைட்’ என்று இருந்தால், தரலாம், தராமலும் விடலாம். ஒரு சொல்லில் ஒரு வேளைச் சாப்பாடு தங்கியிருக்கிறது.

எந்தத் தாள் வந்தாலும் நான் எனது வகுப்பில் செய்யச் சொல்வது இதுதான். பென்சிலால் ‘மஸ்ற்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘ஹவ் ரு’, ‘மே’ ஆகிய சொற்களின் கீழே கோடு போடுங்கள். பின் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருக்கு? எதை? எப்போதைக்குள்?

‘யாருக்கு’ என்பதை ஒளித்து எழுதுவதும் உண்டு. “த ஃபோம் மஸ்ற் பீ சப்மிற்றட்” – படிவம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். யார் சமர்ப்பிக்க வேண்டும்? நீங்களா, கிராம அலுவலரா? வசனத்தில் இல்லை. ‘மஸ்ற் பீ’ என்று கண்டால் “பை ஹூம்?” – யாரால்? – என்று கேளுங்கள். ‘எப்போதைக்குள்’ என்பதற்கு ‘பை’, ‘விதின்’ என்ற சொற்களைத் தேடுங்கள். “பை ஃப்ரைடே” என்றால் வெள்ளிக்கிழமைக்குள். “விதின் ஃபோர்ட்டீன் டேய்ஸ்” என்றால் 14 நாட்களுக்குள்.

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது

‘மஸ்ற்’ என்ற சொல்லால் நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல முடியாது. நேற்றுக்கு ‘ஹாட் ரு’ என்று சொல்ல வேண்டும். தமிழில் “வேண்டி வந்தது”, “வேண்டியிருந்தது” என்பதுதான் இது.

வீ ஹாட் ரு லீவ். – நாங்கள் வெளியேற வேண்டி வந்தது.

இந்த வசனத்தை விளக்க எனக்கு நேரம் தேவைப்படுவதில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளுக்கும், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்களுக்கும், 2009இல் வன்னியின் கடைசிக் கரை வரைக்கும் போனவர்களுக்கும் இது ஒரே வசனம்தான்.

கிளிநொச்சிப் பக்கத்தில் நான் சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்பில் இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது, ஒரு தாய் எழுந்து கேட்டார். “ரீச்சர், நான் அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும். இதை இங்கிலீசிலை எப்பிடிச் சொல்லுறது?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவருடைய மூத்த மகன் 2009இல் பிரிந்தவன், இன்னும் தகவலில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை. “ஐ ஷுட் ஹவ் ப்ரோட் ஹிம்” என்று பலகையில் எழுதினேன். பிறகு சொன்னேன்: “அக்கா, இந்த ‘ஷுட் ஹவ்’ ஒரு குற்றச்சாட்டுச் சொல். வேற வழி இருந்தது, இருந்தும் நான் செய்யேல்லை எண்டு சொல்லுது. உங்களுக்கு அண்டைக்கு வேற வழி இருந்ததா?”

“எங்கை ரீச்சர்? ரெண்டு சின்னனையும் தூக்கிக்கொண்டு ஓடினதுதான்.”

“அப்ப ‘ஷுட் ஹவ்’ வராது. வேற வழி இல்லாத இடத்துக்கு ‘ஹாட் ரு’ தான்.” அதன் கீழே “ஐ ஹாட் ரு கம் வித் த ரூ ஸ்மோல் வன்ஸ்” என்று எழுதினேன். இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் வர வேண்டி வந்தது. அவர் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

இலக்கணத்தால் யாருடைய துயரமும் தீராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ‘செய்திருக்க வேண்டும்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டி வந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, தமிழிலும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பேசும் உரிமை எங்களுக்கும் இருக்கிறது. எங்களை நாமே விசாரிக்கும்போது சரியான வினையைப் போடுவோம்.

வாக்குமூலத்தில் ‘மஸ்ற் ஹவ்’

இன்னுமொன்று. ‘மஸ்ற் ஹவ்’ என்று வந்தால் அது கட்டாயமல்ல, ஊகம்.

தே மஸ்ற் ஹவ் ரேக்கன் ஹிம் ரு த காம்ப். – அவரை முகாமுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். (நான் காணவில்லை, அப்படி நினைக்கிறேன்)
ஐ சோ தெம் ரேக் ஹிம். – அவரைக் கொண்டுபோனதை நான் கண்டேன்.

2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தொடங்கி, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் வரை, எத்தனை இடங்களில் எத்தனை தாய்மார் சாட்சி சொன்னார்கள்! நாம் தமிழில் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது, “கண்டேன்” என்பது ‘மஸ்ற் ஹவ்’ ஆக மாறினால், கண்ட சாட்சி ஊகமாகிவிடும். ஊகமாகச் சொன்னதைக் கண்டதாக எழுதினாலும் பின்னர் சிக்கல் வரும். ஆகையால் எழுதி முடிந்ததும் வாசித்து, தமிழில் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். ‘மஸ்ற் ஹவ்’ எங்காவது நின்றால், அது நீங்கள் நினைத்ததா கண்டதா என்று பாருங்கள்.

“ஹீ மஸ்ற் பீ டெட்” என்று யாராவது எழுதினால் அதுவும் ஊகம்தான். அது உங்கள் ஊகமா, எழுதுகிறவரின் ஊகமா? காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் வேறொரு சான்றிதழுக்கு வழி செய்திருக்கிறது. அதைப் பெறுவதும் பெறாமல் விடுவதும் குடும்பத்தின் முடிவு. இங்கே வரும் சொல் ‘மஸ்ற்’ அல்ல, ‘மே’.

பயிற்சி

வெற்றிடத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்யுங்கள். விடைகள் கீழே உண்டு. முதலில் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. யூ ____ ரச் திஸ் வயர். (இந்தக் கம்பியைத் தொடக் கூடாது)
2. யூ ____ பே ஃபோர் திஸ் ஃபோம். (இந்தப் படிவத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை)
3. ஷீ ____ கோ ரு த கோற் ஒன் மண்டே. (திங்கட்கிழமை அவர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது)
4. லாஸ்ற் இயர் ஐ ____ செல் மை பாங்கிள்ஸ். (போன வருடம் எனது காப்புகளை விற்க வேண்டி வந்தது)
5. யூ ____ ட்ரிங்க் மோர் வோற்றர். (நீங்கள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடிப்பது நல்லது)
6. த பஸ் ____ கோன். (பஸ் போயிருக்க வேண்டும்)

விடைகள்: 1. மஸ்ற் நொற். 2. டோன்ற் ஹவ் ரு. 3. ஹஸ் ரு. 4. ஹாட் ரு. 5. ஷுட். 6. மஸ்ற் ஹவ்.

நாலு சரியென்றால் நல்லது. முதலாவதும் இரண்டாவதும் பிழைத்திருந்தால் ‘எதிர்மறை’ என்ற பகுதியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்.

ஆங்கிலம் கட்டாயமா?

கடைசியாக, எங்கள் வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி. “ஒஃபிசுக்கு எழுதுறதெண்டால் இங்கிலீசிலைதான் எழுத வேணுமோ ரீச்சர்?”

இல்லை. யூ டோன்ற் ஹவ் ரு. இந்த நாட்டில் எந்த அரசாங்க அலுவலகத்துடனும் தமிழில் கடிதம் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை, படிவம் இல்லை என்று அலைக்கழிவு வருவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் பதில் தமிழில் தர வேண்டியது அவர்களுடைய ‘ஷல்’. ஆங்கிலத்தில் எழுதத் தேவையில்லை என்பது எங்களுடைய ‘டோன்ற் ஹவ் ரு’.

அப்படியென்றால் ஏன் இந்தப் பாடம்? நாம் படிப்பது கட்டாயத்தால் அல்ல, விரும்பியே. கையில் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொருவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நாமே வாசிக்க வேண்டும் என்பதற்காக. அந்த ‘வேண்டும்’ ஆங்கிலத்தில் ‘வோன்ற்’.

இம்மாத வீட்டு வேலை இதுதான். வீட்டிலுள்ள ஏதாவதொரு ஆங்கிலத் தாளை எடுங்கள். கடன் அட்டையாகவோ, மருந்துத் தாளாகவோ, பிள்ளையின் பாடசாலைக் கடிதமாகவோ இருக்கலாம். கோடு போடுங்கள், மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விளங்காத வசனத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரும் இலக்கங்களும் உள்ள தாளை அனுப்ப வேண்டாம். இங்கே ‘அனுப்ப வேண்டாம்’ என்பது ‘மஸ்ற் நொற்’.

அடுத்த இதழில் ‘மே’, ‘மைற்’ என்ற சொற்களை விரிவாகப் பார்ப்போம். அதுவரைக்கும் வணக்கம்.